லானைத் தூக்கிட்டு என்ன போடலாம்? (கோவை, 1200 சதுர அடி, போர் வத்திட்டு வருது)

வடவள்ளி_வாசு | 11 மார்ச் 2023, காலை 7:40

வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு.

வீட்டு முன்னாடி 1200 சதுர அடிக்குக் கொரியன் புல் இருக்குது. 2016-ல வீடு கட்டி முடிச்சப்ப பாய் பாயா வாங்கிப் பதிச்சது. மூணு வருசம் பச்சைக் கம்பளமாட்டம் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. இப்ப பாதி மேடு பள்ளம், கால்வாசி கோரை, மாமரத்தடி முழுக்க மொட்டை. போர் ஒரு மணி நேரம் ஓடுனா காத்துத்தான் வருது. சிறுவாணித் தண்ணியைப் புல்லுக்கு ஊத்த மனசு வரலைங்க.

நேத்து உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது 1 லிட்டர். வெயில் காலத்துல புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டராவது வேணும்னு வெச்சுக்கிட்டா, என்னோட 111 சதுர மீட்டருக்கு 550 லிட்டர் தாண்டுது. 6000 லிட்டர் லாரி ஒண்ணு வாங்கினா பதினோரு நாள் கூடத் தாங்காது. சாப்பிட முடியாத ஒரு பயிருக்கு இது கொஞ்சம் ஓவர் இல்லைங்களா?

தண்ணி கம்மியாக் குடிக்கணும், மாசாமாசம் மெஷின் வெச்சு வெட்டக் கூடாது, மேல நடக்கணும், ஆறு வயசுப் பையன் ஓடி விளையாடணும். செம்மண், கொஞ்சம் சரளை. தெற்குப் பக்கம் காம்பவுண்ட் ஓரம் நாள் முழுக்க வெயில். கிழக்கே மாமரம். என்ன போடலாம்?

பொள்ளாச்சி_நர்சரி | 11 மார்ச், காலை 9:15

வாசு சார், 18 வருசமா லான் போட்டுக் குடுத்துட்டு இருக்கேன். கடைக்கு எதிராப் பேசற மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்றேன். கொரியன் புல் தப்பான புல் இல்லை. ஆனா அதுக்கு ஆறேழு மணி நேரம் நேர் வெயில் விழணும், வெட்டிக்கிட்டே இருக்கணும். வெட்டாம விட்டா முண்டு முண்டா எழும்பும், உங்க மேடு பள்ளத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மரத்தடில அது என்னிக்குமே நிக்காது. அங்க பதிச்சுக் குடுத்தவர் தெரிஞ்சேதான் குடுத்திருப்பார்.

ஒரே செடியில முடிக்கணும்னு நினைக்காதீங்க. வெயில், நிழல், நடக்கற இடம்னு மூணாப் பிரிச்சுக்கங்க. வெயில் பக்கம் பினட் கிராஸ் போடலாம். நம்ம கடலைக்குச் சொந்தக்காரச் செடி, அதே மாதிரி இலை, சின்னதா மஞ்சள் பூ. பேர்லதான் கிராஸ், புல்லே கிடையாது. வேர்ல தழைச்சத்தைப் பிடிச்சு வெக்கறதால யூரியா போட வேண்டியதில்லை. எங்க பக்கம் தென்னந்தோப்புல ஊடால விடறாங்க.

டீநகர்_குமார் | 11 மார்ச், காலை 11:02

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? வெடலியா போடுங்க. மஞ்சள் பூ, கையகல இலை, தண்ணியே வேண்டாம். நாலு குச்சி நட்டா ஆறு மாசத்துல மொத்த இடமும் மூடிடும். எங்க அபார்ட்மென்ட்ல அதான்.

பூச்சிப்பிரியன் | 11 மார்ச், காலை 11:20

குமார் சார், "மொத்த இடமும் மூடிடும்" என்பதுதான் பிரச்சினையே. உங்க இடம், பக்கத்து வீட்டு இடம், சாக்கடைக் கரை, அதுக்கு அப்புறம் ஓடை, எல்லாத்தையும் மூடும். உலகத்திலேயே மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இருக்கிற செடி அது. மத்திய அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். பிடுங்கி ரோட்டோரம் போட்டால் அங்கேயும் பிடிச்சுக்கும். வடவள்ளி மலையடிவாரத்துக்குப் பக்கம், தயவுசெய்து அங்கே வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில நர்சரியில் இதையே "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று கொடுத்துவிடுகிறார்கள். அதே இனம்தான், ஆனால் வேற செடி. நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை நீளவாக்கில் ஒடுங்கி இருக்கும், பூ சின்னது. வெடலியா இலையில் ரெண்டு பக்கமும் காது மாதிரி பிரியும், பூ பெரிசா பளபளன்னு இருக்கும். கீரைன்னு நினைச்சு வெடலியாவைப் பறிச்சுச் சமைத்தவர்களை எனக்குத் தெரியும்.

டீநகர்_குமார் | 11 மார்ச், பகல் 12:05

அப்போ ரெண்டாவது மாடியில இருந்து பார்க்க அழகா இருக்குன்னு நான் ரசிச்சதெல்லாம் குத்தமா 🙂 சரி, அசோசியேஷன்ல பேசிப் பார்க்கறேன். கேக்க மாட்டாங்க.

பாட்டிவைத்தியம் | 11 மார்ச், மாலை 4:30

வாசு கண்ணு, பொடுதலைன்னு கேள்விப்பட்டிருக்கியா? வாய்க்கால் வரப்புல, குளத்துக் கரையில தரையோட தரையாப் படர்ந்து கெடக்கும். இலை ஓரம் ரம்பம் வெச்ச மாதிரி பல்லு பல்லா இருக்கும். குட்டித் திப்பிலியாட்டம் ஒரு தலை, அதைச் சுத்தி வெள்ளையும் ஊதாவுமா பொடிப் பூ. எங்கம்மா அதை இடிச்சுச் சாறு எடுத்து நல்லெண்ணெயில காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பாங்க, பொடுகுக்கு. ஆடு மாடு மிதிச்சாலும் சாகாது. உன் பையன் மிதிச்சா சாகவா போவுது?

வடவள்ளி_வாசு | 11 மார்ச், இரவு 8:50

அம்மா, இதை அப்பாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். அவருக்கு 74 வயசு, தொண்டாமுத்தூர்ல வெள்ளாமை பண்ணுனவர். "நாப்பது வருசம் வரப்புல இருந்து வெட்டிப் போட்டதைக் காசு குடுத்து நடப்போறியா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார். தினமும் சாயங்காலம் ஓஸ் பைப்பைப் பிடிச்சு லானுக்குத் தண்ணி விடறது அவர்தான். அவருக்கு அது வாக்கிங் மாதிரி.

கரிசல்பூமி | 12 மார்ச், காலை 6:10

வாசு அண்ணாச்சி, ஒங்கப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. அதான் வெசயமே. வெட்ட வெட்ட வந்த செடி எதுவோ அதுதான் தண்ணி ஊத்தாட்டியும் நிக்கும். கோவில்பட்டிப் பக்கம் எங்க கண்மாய்ல தண்ணி வத்துனதும் கரையில மொதல்ல பச்சை காட்டுறது பொடுதலையும் அருகும்தான். நர்சரில பேரு தெரியாத செடிக்கு வெல கேக்கறதுக்கு முன்ன, ஒங்க தெருக் கோடியில எது தானா மொளச்சிக் கெடக்குன்னு ஒரு நட நடந்து பாருங்க.

அருகையும் தள்ளிராதீக. பிள்ளையாருக்குப் போடற அதே அருகம்புல்தான். கொரியன் மாதிரி மெத்துன்னு இருக்காது, கோடையில செம்பழுப்பாப் போகும், செத்துப் போச்சுன்னு நெனப்பீக. ஒரு மழை விழுந்தா நாலு நாள்ல எந்திரிச்சுரும். பையன் பந்து வெளயாடற எடத்துக்கு அதுக்கு மிஞ்சி எதுவும் கெடயாது. என்ன, பூச்செடிப் பாத்திக்குள்ள நொழஞ்சா வெளிய வராது.

பெங்களூர்_தமிழ் | 12 மார்ச், காலை 10:44

இடையில் ஒரு கேள்வி. அமெரிக்க வீடியோக்களில் வெள்ளைக் குளோவர், தரையில் படரும் தைம் எல்லாம் லானுக்கு மாற்றாகக் காட்டுகிறார்கள். ஆன்லைனில் விதை கிடைக்கிறது. கோவையில் வருமா?

பொள்ளாச்சி_நர்சரி | 12 மார்ச், காலை 11:30

ஊட்டி, கொடைக்கானல்னா வரும். ஊட்டியில வெள்ளைக் குளோவர் புல்லோட புல்லா ரோட்டோரமே கிடக்குது. சமவெளியில டிசம்பர்ல முளைச்சு உங்களுக்கு ஆசை காட்டும், ஏப்ரல்ல காஞ்சு போகும். வருசத்துக்கு நாலு பேராவது அந்தப் பாக்கெட்டைத் தூக்கிட்டு வந்து எங்கிட்ட சண்டை போடறாங்க, நான் வித்த விதையே இல்லை அது. தைம் மேட்டுப்பாளையம் தாண்டி மேல ஏறுனா சரி, கீழ மழையில வேர் அழுகும்.

குளோவர் வேலையைச் செய்யற செடி நம்மகிட்டயே இருக்குது. சிறுபுள்ளடின்னு சொல்லுவாங்க. மூணு மூணு குட்டி இலை, தரையோட ஒட்டி இருக்கும். பழைய லான் எல்லாத்துலயும் தானா வந்து கலந்திருக்கும், ஆள் வெச்சுக் களைன்னு பிடுங்கறோம். அவரைக் குடும்பம், தழைச்சத்து அதுவும் குடுக்கும். விக்கறதுக்குத்தான் யாரும் இல்லை, நான் உள்பட.

ராஜி_ஈசிஆர் | 12 மார்ச், மதியம் 2:15

நான் வேற மாதிரி ஆள். 2019 கோடையில புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலும் காய்ஞ்சப்ப எங்க லானும் போச்சு. கோபத்துல பிளாஸ்டிக் புல் போட்டேன். யாரும் அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. பகல் 11 மணிக்கு மேல கால் வைக்க முடியாது, தோசைக்கல்லு. நாய் மூத்திர வாடை போகவே போகாது. அதைக் கழுவத் தண்ணி ஊத்தினதைக் கணக்குப் பார்த்தா பழைய லானே தேவலை. ரெண்டு வருசத்துல சுருட்டித் தூக்கிப் போட்டேன், அதை என்ன பண்றதுன்னு தெரியாம மொட்டை மாடியில கிடக்கு.

இப்ப கடல் பக்கம் இருக்கிற 300 சதுர அடி மணலுக்கு அடும்பு. கடற்கரையில ஆட்டுக் குளம்பு மாதிரி இலையோட ஊதாப் பூ பூக்குமே அதுதான். உப்புக்காத்து, கொதிக்கிற மணல் எதுக்கும் அசையலை. ஆனா ஒரு கொடி பத்துப் பதினஞ்சு அடிக்கு ஓடும். மாசம் ஒரு தடவை கத்திரி எடுக்கணும். அதுமேல நடக்கவும் சரிப்படாது, கால்ல மாட்டும். கோவைச் செம்மண்ணுக்கு இது வேண்டாம், சும்மா சொன்னேன்.

யாழ்_முற்றம் | 12 மார்ச், இரவு 9:05

வாசு அண்ணை, நான் யாழ்ப்பாணம். எங்கட வீடுகளில புல்லுத்தரை எண்ட பழக்கமே இருக்கேல்லை. வீட்டுக்கு முன்னால வெறும் மணல் முற்றம். அம்மம்மா விடியக் காலமை ஈர்க்குமாறால வளைஞ்சு வளைஞ்சு கூட்டி விடுவா. இரவு பாம்பு ஊர்ந்திருந்தால் விடிய அந்தத் தடம் அப்பிடியே தெரியும். அதுக்காகத்தான் கூட்டினவை எண்டு பிறகுதான் விளங்கிச்சு. முழுசாப் பச்சையாக்க வேணும் எண்டு நினைக்கிறதே வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன ஆசை எண்டுதான் நான் சொல்லுவன். வாசலடியில ஒரு துண்டை வெறுமையா விடுங்கோ.

பேவர்_பாலா | 13 மார்ச், காலை 8:20

பாம்புன்னு அவங்களே சொல்லிட்டாங்க. தரைப்படர் செடி எல்லாம் பாம்புக்குப் பாய் விரிச்சுக் குடுக்கற மாதிரி. பேசாம முழுக்கப் பேவர் பிளாக் போட்டு நாலு தொட்டி வெச்சுட்டுப் போங்க.

பூச்சிப்பிரியன் | 13 மார்ச், காலை 9:40

பாலா, பயம் நியாயமானது. நாங்களும் கண்ணாடி விரியனைப் பார்த்த வீடுதான். ஆனால் "தரைப்படர் செடி" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பொடுதலை, அருகு, சிறுபுள்ளடி எல்லாம் மிதிபட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ரெண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் எழும்பாது. அதில் பாம்பு ஒளிய முடியாது, கடந்து போகத்தான் முடியும். வெடலியா முழங்கால் உயரம் குவியும். பினட் கிராஸும் வெட்டாமல் விட்டால் முக்கால் அடிக்கு மெத்தை கட்டும். பாம்பைக் கூப்பிடுவது அந்த மாதிரிக் குவியல், அடுக்கி வைத்த ஓடு, விறகு, அதில் குடியிருக்கிற எலி. வாசலில் இருந்து கேட் வரைக்கும் நாலடி அகலத்துக்கு வெறும் தரையோ கல் பதித்த பாதையோ இருக்கட்டும், ராத்திரி டார்ச் இல்லாமல் செடி மேல் நடக்காதீர்கள். இது லானுக்கும் பொருந்தும்.

பேவர் விஷயம்: முழுக்கப் போட்டால் மழைத்தண்ணி எங்கே இறங்கும்? 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு, வத்துகிற போரை வைத்துக்கொண்டு, வாசலுக்கு மூடி போடச் சொல்கிறீர்கள்.

வடவள்ளி_வாசு | 2 ஏப்ரல் 2023, மாலை 6:30

ஒரு முடிவுக்கு வந்துட்டேனுங்க. மொத்தத்தையும் ஒரே நாள்ல தூக்கலை. முதல்ல தெற்குப் பக்கம் 200 சதுர அடி மட்டும். புல்லைச் சுரண்டி எடுத்தாச்சு. கோரையை என்ன பண்றது? ஒரு வீடியோவுல அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு மேல மண்ணு போடச் சொல்றாங்க, கீழ இருக்கறதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துருமாம்.

பொள்ளாச்சி_நர்சரி | 2 ஏப்ரல், இரவு 8:10

அட்டையா? சார், உங்க ஊர்க் கரையானுக்கு அது கல்யாணச் சாப்பாடு. அதைத் தின்னு முடிச்சுட்டு உங்க கதவு நிலைக்கு வரும். குளிர் தேசத்துல எடுத்த வீடியோவை நம்ம செம்மண்ல ஓட்டிப் பார்க்காதீங்க.

கோரை மேல தெரியற இலை ஒண்ணுமே இல்லை. அடியில கிழங்கு மணிமாலை மாதிரி ஒண்ணுக்கொண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். மேல வெட்டினா தூங்கிட்டிருக்கற அடுத்த கிழங்கு முளைக்கும். பிளாஸ்டிக் ஷீட்டையே ஊசி மாதிரிக் குத்திட்டு வர்ற ஜாதி அது. நான் பண்றது இதுதான்: தண்ணி விடுங்க, பத்து நாள் முளைக்க விடுங்க, ஈரத்தோட ஒரு சாண் ஆழம் கடப்பாரை வெச்சுக் கிழங்கோட எடுங்க. மறுபடி தண்ணி, மறுபடி பத்து நாள். மூணு சுத்து. இடையில மே வெயில்ல மண்ணைக் கிளறிப் போட்டுக் காய விடுங்க, மேல வந்த கிழங்கு வெயில்ல சுருங்கிடும். முழுசா ஒழியாது. ஆனா செடி மூடற வரைக்கும் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும், மூடிட்டா நிழல்ல கோரை தானா நோஞ்சானாயிரும். மருந்தடிக்கற யோசனை இருந்தா விட்டுருங்க, கைக்குழந்தை மாதிரிப் பையன் புரள்ற இடம்.

பாட்டிவைத்தியம் | 3 ஏப்ரல், காலை 7:00

எடுத்த கிழங்கைத் தூர எறியாதே கண்ணு. காய வெச்சா அதுதான் நாட்டு மருந்துக் கடையில விக்கற கோரைக்கிழங்கு. பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சளோட சேத்து அரைச்சு வெச்சா குளியல் பொடி. தோல் வழவழன்னு இருக்கும்.

வடவள்ளி_வாசு | 18 ஜூன் 2023, காலை 8:00

மூணு சுத்து முடிஞ்சுது. ரெண்டு சாக்குக் கிழங்கு. வீட்டுல மூணு வருசத்துக்குக் குளியல் பொடி ரெடி.

பொடுதலைக்கு நர்சரி நர்சரியா அலைஞ்சேன், ஒருத்தரும் வெச்சிருக்கலை. ஒரு இடத்துல வெடலியாவைக் காட்டி இதுதான்னு சத்தியம் பண்ணுனாங்க (பூச்சிப்பிரியன் சாருக்கு நன்றி, காதைப் பார்த்துட்டு வந்துட்டேன்). கடைசியில கிடைச்சது நொய்யல் வாய்க்கால் கரையில. கூட வந்து காட்டுனது யாருன்னு நினைக்கறீங்க? அப்பாதான். "இங்கதான் கெடக்கும்"னு ஒரே நடையில போய் நின்னார். ஆனா குனிஞ்சு பறிக்க மாட்டேன்னுட்டார்.

பாட்டிவைத்தியம் | 18 ஜூன், காலை 9:30

சாக்கடைத் தண்ணி கலக்கற இடமா இருந்தா, முதல் வருசத்து இலையைத் தலைக்கோ வாய்க்கோ எடுக்காதே. உன் மண்ணுல தழைஞ்ச பிறகு பறிச்சுக்கோ. நாலு கணு இருக்கற துண்டா ஒடிச்சு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரிப் படுக்க வெச்சு நடு. ஆடிச் சாரல் வர்றதுக்குள்ள நட்டுரு.

கரிசல்பூமி | 18 ஜூன், காலை 10:15

அரை அடிக்கு ஒண்ணு நடுங்க அண்ணாச்சி. 200 சதுர அடிக்கு 800 துண்டு வரும். அம்புட்டான்னு மலைக்காதீக, ஒரு சிமெண்டுச் சாக்குல அடங்கிரும். ஒரு அடிக்கு ஒண்ணு வச்சா கொடி மிச்சம், ஆனா எடவெளியில களை வந்து ஒக்காந்துக்கிடும்.

வடவள்ளி_வாசு | 27 ஆகஸ்ட் 2023, மாலை 5:20

[படம்: இடது பக்கம் பொடுதலை, வலது பக்கம் பழைய லான்]

ஒன்பது வாரம். முக்கால்வாசி மூடிருச்சுங்க. முதல் மூணு வாரம் தினமும் தண்ணி, அப்புறம் நாலு நாளைக்கு ஒருக்கா. "தண்ணியே வேண்டாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பிடிக்கற வரைக்கும் குழந்தை மாதிரிப் பார்த்துக்கணும். கையால களை எடுத்தது மொத்தம் அஞ்சு ஞாயித்துக்கிழமை. என் முதுகுக்குத்தான் தெரியும்.

ஒரு ஓரத்துல அழகுக்குப் பத்துமணிப் பூ நட்டிருந்தேன். மயில் வந்து கொத்திக் கொத்தி ஒண்ணு விடாமக் காலி. வடவள்ளில மயிலுக்குப் பயந்து தக்காளியே போடறதில்லை, இதுக்கும் சேர்த்துக்கங்க.

ராஜி_ஈசிஆர் | 27 ஆகஸ்ட், இரவு 7:00

மயில் விட்டிருந்தாலும் ஐப்பசி மழை விட்டிருக்காது. பத்துமணிப் பூ தொட்டிக்குத்தான் லாயக்கு. தரையில தண்ணி நின்னா தண்டு கொழகொழன்னு அழுகிடும். மூணு வருசம் நட்டு மூணு வருசமும் பார்த்துட்டேன்.

வடவள்ளி_வாசு | 19 நவம்பர் 2023, காலை 9:10

புகார் ஒண்ணு. பொடுதலை பூத்துத் தள்ளுது, காலையில பத்து மணிக்கு ஙொய்ங்குன்னு தேனீ. பையன் வெறுங்கால்ல ஓடி மிதிச்சு, கால் வீங்கிப் போச்சு. வீட்டம்மா "புல்லையே வெச்சிருக்கலாம்"ங்கறாங்க.

பூச்சிப்பிரியன் | 19 நவம்பர், காலை 9:50

பையன் இப்போ எப்படி இருக்கான்? கொட்டின இடத்தில் கொடுக்கு நின்றிருந்தால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இது எல்லாரும் மறைக்கிற விஷயம், நானும் உங்களிடம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். பூக்கிற தரைப்படர் எதுவானாலும் தேனீ வரும். எனக்கு அது லாபம், ஆறு வயசுப் பையனுக்கு இல்லை. அவன் ஓடுகிற இடத்தில் பூக்கிற செடி வேண்டாம், அருகு விடுங்கள். பொடுதலையைக் காம்பவுண்ட் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். பூவே வேண்டாமென்றால் இருபது நாளைக்கு ஒருமுறை உயரமாக வைத்து வெட்டினால் தலை போய்விடும், ஆனால் "வெட்டக் கூடாது" என்று ஆரம்பித்த நோக்கமும் போய்விடும்.

வடவள்ளி_வாசு | 19 நவம்பர், பகல் 1:00

சாயங்காலமே ஓட ஆரம்பிச்சுட்டானுங்க. நடுவுல 400 சதுர அடி கொரியன் இருக்கற இடத்துல அருகு விடறதுன்னு முடிவு. நிஜத்துல அதுக்குள்ள ஏற்கெனவே அருகு பாதி நுழைஞ்சுதான் கிடக்குது, நான் இத்தனை நாள் அதைப் பிடுங்கிட்டு இருந்தேன். இனிமே கொரியனுக்குத் தண்ணியை நிறுத்தினாப் போதும், அருகு ஜெயிச்சுக்கும்னு நினைக்கறேன்.

மிச்சம் மாமரத்தடி. என்ன வெச்சாலும் போகுது.

பொள்ளாச்சி_நர்சரி | 19 நவம்பர், மாலை 6:40

மாமரத்தடியில பச்சை தேடாதீங்க சார். மேல நிழல், அடியில வேர் தண்ணியை உறிஞ்சுது, அதுக்கு மேல வருசம் முழுக்கச் சருகு. அந்தச் சருகையே கூட்டாம விட்டு, ஓரத்துக்கு ஒரு வரிசை கல் வெச்சுட்டா அதுதான் மூடாக்கு. பார்க்க அசிங்கமாத் தெரிஞ்சா ஊடால ஊதா இலை ரியோ, மருள், முறிகூட்டி வெக்கலாம். மூணுக்கும் வேர் மேலாப்புல இருந்தாப் போதும், வாரத்துக்கு ஒரு தண்ணி. குழி தோண்டறப்ப மரத்து வேரை வெட்டிராதீங்க.

பாட்டிவைத்தியம் | 20 நவம்பர், காலை 6:45

அப்பா சாயங்காலம் ஓஸ் பிடிக்கறதை நிறுத்திட்டாரா?

வடவள்ளி_வாசு | 20 நவம்பர், காலை 8:15

அதுதான் அம்மா இப்பப் பெரிய தலைவலி. நிறுத்தலை. பொடுதலை மேலயே தினமும் அரை மணி நேரம் விடறார். ஒரு மூலையில கொடி கறுத்து அழுகிடுச்சு, அந்த ஈரத்துல கோரை ஆனந்தமா எந்திரிக்குது. "வேண்டாம்பா"ன்னா "தண்ணி விடாம எப்படிடா பயிர் நிக்கும்"ங்கறார். சண்டை போட முடியலைங்க.

பாட்டிவைத்தியம் | 20 நவம்பர், காலை 8:40

சண்டை எதுக்கு? தண்ணி கேக்கற செடியா ஒரு பாத்தி அவருக்குப் போட்டுக் குடு. கிணத்தடி ஈரத்துல வர்ற வல்லாரை. அரை நிழல், தினமும் தண்ணி, எவ்வளவு ஊத்துனாலும் குடிக்கும். வட்ட வட்டமா தரையை மூடிரும், துவையலுக்கும் ஆச்சு. சோப்புத் தண்ணி மட்டும் அதுல சேராம பாத்துக்கோ, திங்கறதாச்சே.

கரிசல்பூமி | 20 நவம்பர், காலை 9:00

பாட்டிம்மா, நீங்க வைத்தியம் மட்டும் பாக்கல 😂

வடவள்ளி_வாசு | 5 மே 2024, மாலை 7:10

ரொம்ப நாளாச்சு, எல்லாருக்கும் பதில் சொல்லாம விட்டதுக்கு மன்னிக்கணும். இந்த ஏப்ரல் வெயில்தான் உண்மையான பரீட்சைங்க, ஈரோட்டுல 42 டிகிரி தாண்டுச்சு, எங்களுக்கும் அனல்தான். இருக்கறதை இருக்கறபடி சொல்றேன்.

பொடுதலை நிக்குது. பச்சைன்னு சொல்ல மாட்டேன், இலை சிறுத்து, ஓரம் சிவந்து, சாம்பல் பூத்த மாதிரி. வாரத்துக்கு ஒரு தண்ணி, அவ்வளவுதான். கொரியன் புல் முழுசா வைக்கோல். அதுக்குள்ள அருகு அங்கங்க உசிரோட. பையன் அந்த வைக்கோல் மேலதான் கிரிக்கெட் ஆடறான், அவனுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. கோரை இன்னும் இருக்குது, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமையை அது எடுத்துக்குது.

பொள்ளாச்சிக்காரர் சொன்ன பினட் கிராஸ் 50 சதுர அடி போட்டுப் பார்த்தேன். மழைக்காலத்துல பிரமாதம், மார்ச்ல இலை மெலிஞ்சுது, அப்புறம் பெருச்சாளி ரெண்டு ராத்திரி உழுதுட்டுப் போச்சு. அடியில இருக்கற கடலைக்கா, புழுவுக்கான்னு தெரியலை. தென்னந்தோப்பு ஈரத்துக்குச் சரி, எங்களுக்குச் சரிப்படலை. மாமரத்தடியில சருகு, நடுவுல பத்து ரியோ. பக்கத்து வீட்டுக்காரர் "வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்"னார்.

யாழ்ப்பாணத் தம்பி சொன்ன மாதிரி வாசல்ல இருந்து கேட் வரை நாலடிக்கு மணல் கொட்டி விட்டிருக்கேன். அம்மா அதுல கோலம் நிக்க மாட்டேங்குதுன்னு திட்டறாங்க, படிக்கட்டு முன்னாடி மட்டும் கொஞ்சம் சிமெண்ட் போட்டுக் குடுத்தேன்.

தண்ணிக் கணக்கு: போன வருசம் 550 லிட்டர்னு போட்டேன்ல, இப்ப சராசரி நாளைக்கு 90 லிட்டர். அதுல பாதிக்கு மேல அப்பாவோட வல்லாரைப் பாத்திக்குத்தான். ஆறுக்கு நாலடி. அதுக்கு மேல பச்சை வலை கட்டிக் குடுத்திருக்கேன். வாரத்துக்கு ரெண்டு நாள் துவையல், போதும்னாலும் விடறதில்லை.

யாழ்_முற்றம் | 5 மே 2024, இரவு 8:30

மணலில தடம் ஏதும் கண்டனீங்களோ?

வடவள்ளி_வாசு | 5 மே 2024, இரவு 8:52

ஒரு தடவை. ஒரு விரல் தடிமன், நேரா வேலிப் பக்கம் போயிருந்துச்சு. அப்பா பார்த்துட்டு "சாரை, குட்டி"ன்னார். அன்னிலிருந்து காலையில வாசல் கூட்டறதும் அவரே.

திருப்பூர்_சுகன்யா | 6 மே 2024, காலை 7:20

வாசு அண்ணா, முழு இழையும் இப்பத்தான் படிச்சு முடிச்சேன். எங்களுக்கு 150 சதுர அடிதான், முழு வெயில். வீட்டுல குழந்தைங்க இல்லை, தேனீ வந்தா வரட்டும். பொடுதலை இங்க எங்கயும் கிடைக்கலை. ஒரு சாக்கு ஒடிச்சுத் தருவீங்களா? பஸ்ஸுல வந்து வாங்கிக்கறேன்.

வடவள்ளி_வாசு | 6 மே 2024, காலை 7:45

தாராளமாங்க. ஆனா இப்ப வேண்டாம், இந்த வெயில்ல நட்டா பாதி போயிரும். ஜூன் கடைசியில வாங்க, ஈரச் சாக்குல சுத்தித் தர்றேன். காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி வந்தீங்கன்னா தேனீ இருக்காது. 600 துண்டு வேணும் உங்களுக்கு. ஒடிச்சுக் குடுக்கறது அப்பா, எண்ணாம விட மாட்டார்.